முப்பத்தேழாம் நம்பரின் வயது

விழுப்புரத்தில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் மாடியில், ஜன்னலைக் கறுப்புத் துணி போட்டு அடைத்த ஒரு சின்ன அறை உண்டு. பதினோரு வருஷமாக ரோஸ்லினுக்குப் பிழைப்பு அந்த அறைக்குள்தான். வெளியே வெயிலா மழையா என்பது மத்தியானம் சாப்பிட இறங்கும்போதுதான் தெரியும். வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, முகவாயை மெஷினில் பொருத்தி, நெற்றியைப் பட்டையில் ஒட்ட வைத்து, "பச்ச வெளக்க பாருங்க. கண்ண கொட்டாதீங்க, ஆடாதீங்க. அவ்ளோதான், முடிஞ்சிச்சி" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுவாள். அவள் எடுத்த படத்தை இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, கர்வப்பட அவளிடம் வேறென்ன இருந்தது? புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரே மகள் பவுலின் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் புதுசு. கண்ணுக்குள் வெளிச்சத்தை விட்டு, விழித்திரையைக் குறுக்கே நறுக்கிய வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகக் காட்டும். அந்த அடுக்குகளில் ஒன்று நரம்பு இழைகளால் ஆனது. கண்ணை விட்டுப் புறப்பட்டு நேரே மூளைக்குப் போகிற இழைகள். அந்த அடுக்கு எத்தனை மைக்ரான் தடிமன் என்று மெஷின் அளக்கும். அளந்துவிட்டு, அதே வயசுக்காரர்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அதோடு ஒப்பிட்டு நிறம் காட்டும். சரியாக இருந்தால் பச்சை, எல்லையில் நின்றால் மஞ்சள், ரொம்ப மெலிந்திருந்தால் சிவப்பு. கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்காக வாங்கிய மெஷின்தான் அது. டாக்டர் கலையரசிதான் அதை வேறொரு காரியத்துக்குத் திருப்பினார்.

"மூளைய வெட்டிப் பாக்க முடியாது ரோஸ்லின்" என்றார் ஒருநாள். "ஆனா மூளையோட ஒரு துண்டு வெளிய வந்து எட்டிப் பாக்குது. அதான் கண்ணு. ஞாபக மறதி நோய் வந்தவங்களுக்கு மூளையில நரம்பு அழியற மாதிரி கண்ணுலயும் இந்த அடுக்கு மெலிஞ்சி போவுதான்னு பார்க்கப் போறோம். நோய் உள்ளவங்க நாற்பது பேர், இல்லாதவங்க நாற்பது பேர்."

"அப்போ கண்ணப் பாத்தே சொல்லிடலாங்களா மேடம், இவுங்களுக்கு வரும், இவுங்களுக்கு வராதுன்னு?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல. கூட்டத்தையும் கூட்டத்தையும் ஒப்பிட்டுத்தான் ஏதாவது சொல்லலாம். ஒரு ஆளோட படத்தை மட்டும் வச்சிக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது."

சரிங்க மேடம் என்று தலையாட்டினாள் ரோஸ்லின். ஆனால் அந்தப் பேச்சை அவளால் உதற முடியவில்லை. அவளுடைய அம்மா சவுரியம்மாளுக்கு அந்த நோய் ஐம்பது தாண்டியதுமே வந்துவிட்டது. இப்போது அறுபத்தேழோ எட்டோ ஆகிறது. திண்டிவனத்தில் தம்பி வளன் வீட்டில், கிரில் கேட்டுக்குள் பூட்டி வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இது ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால், "அம்மாவுக்கு வயசாயிடிச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிறவள், குடும்பத்தில் மூளைக்கோளாறு என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட முடியுமா?

ஆய்வுக்கு நோயாளிகள் சுலபமாகக் கிடைத்தார்கள். நோய் இல்லாதவர்கள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கண்ணில் கோளாறு இல்லாத ஆள் எதற்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறான்? நோயாளிகளோடு துணைக்கு வந்தவர்களைப் பிடித்து முப்பத்தாறு பேரைத் தேற்றினாள். பாக்கிக்கு, "நம்ம ஸ்டாஃப்பையே உட்கார வை" என்று சொல்லிவிட்டார் டாக்டர். முதலில் அவளே உட்கார்ந்தாள். படத்தில் பெயர் இருக்காது, நம்பர்தான். எந்த நம்பர் யார் என்கிற நோட்டு ரோஸ்லினிடம் மட்டும் இருக்கும். டாக்டர் பார்க்கக் கூடாது என்பதுதான் ஆய்வின் விதி. அப்படி அவள் நார்மல் முப்பத்தேழு ஆனாள்.

ஃபாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது ஞாபக மறதி நோய் உண்டா? அந்தக் கேள்வியை அவளே முப்பத்தாறு பேரிடம் கேட்டு, "நெசத்த சொல்லுங்க, மறைக்காதீங்க" என்று உபதேசமும் பண்ணியிருக்கிறாள். தன் முறை வந்தபோது 'இல்லை' என்பதைச் சுழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். யோசித்துச் செய்ததில்லை. பதினோரு வருஷமாகச் சொல்லிப் பழகியதைக் கையும் செய்துவிட்டது.

தன் கண்ணைத் தானே படம் எடுக்க முடியாது என்பதால் ஆயா கெங்கம்மாளைக் கூப்பிட்டு, "நான் இப்போன்னு சொல்றப்போ இந்த பட்டன அமுக்குக்கா" என்று சொல்லிக்கொடுத்தாள். முதல் தடவை கெங்கம்மாள் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. கெங்கம்மாள் போன பிறகு ரோஸ்லின் திரையைப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் கீழ்ப்பாதி மஞ்சள்.

நீர் அழுத்தம் இருக்குமோ என்று அதையும் பார்த்துக்கொண்டாள். அழுத்தம் சரியாகவே இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அக்டோபர் முதல் வாரம், திங்கட்கிழமை. படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் கலையரசி ஓரிடத்தில் நின்றார்.

"இது யாரு, முப்பத்தேழு? நார்மல் கூட்டத்துல ரெண்டு கண்ணும் மஞ்சளா இருக்குதே. வயசு நாற்பத்திநாலுன்னு போட்டிருக்க. சரியா கேட்டியா?"

ரோஸ்லின் நம்பர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சர்ட்டிபிகேட்ல இருக்கறதத்தான் போட்டேங்க மேடம்."

"நம்ம ஊர்ல பாதிப் பேரோட வயசு வாத்தியார் போட்ட வயசுதானே! எல்லைக்கோட்டுலதான் நிக்குது. ரெண்டு மூணு வயசு கூட இருந்தா இதே அளவு பச்சைக்குள்ள வந்துடும். அந்த ஆளைக் கூப்பிட்டு உண்மையான பிறந்த தேதி என்னன்னு விசாரி. மாசக் கடைசியில ஃபைல் பாண்டிச்சேரி போவணும். அதுக்குள்ள சொல்லு."

"சரிங்க மேடம்."

டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரோஸ்லின் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு மெஷின் முன் உட்கார்ந்தாள். தன் நம்பரைத் திறந்து, பிறந்த வருஷம் 1971 என்றிருந்ததை அழித்து 1970 என்று அடித்தாள். மஞ்சள். 1969 போட்டாள். அப்போதும் மஞ்சள்தான். 1968 போட்டதும் இரண்டு கண்ணும் பச்சையாகிவிட்டன. அவள் வாய்விட்டு "மாதாவே" என்றாள். பிறகு பழையபடி 1971 என்றே மாற்றிவைத்தாள். விதியை மீறிப் பொய்த் தேதி போட்டால் படம் வேண்டுமானால் ஏமாறும், அவள் ஏமாற முடியாதே. உலகத்துப் பெண்கள் எல்லாம் வயசைக் குறைத்துச் சொல்ல ஆசைப்படுகிறார்கள்; இவளுக்கு மூன்று வயசு கூட வேண்டியிருந்தது.

கூட இருக்கவும் நியாயம் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்ததே தாமதமாகத்தான். தம்பி வளனை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தவளை, அவன் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அம்மா கொண்டுபோய் நிறுத்தினாள். தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயசு என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இவள் காதைத் தாண்டிக் கன்னத்தையே தொட்டாள். வாத்தியார் சிரித்துவிட்டாராம். எத்தனை வயசென்று கேட்டதற்கு அம்மா கூசாமல் அஞ்சு என்றாளாம். அவரும் அஞ்சு என்றே எழுதி, ஜூன் ஒன்றாம் தேதி பிறந்ததாகப் போட்டுவிட்டார். அந்த வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான். உண்மையில் ஆறா, ஏழா, எட்டா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். டாக்டரிடம் போய், மேடம், அந்த முப்பத்தேழு நான்தான், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் அம்மா விஷயம் வெளியே வரும். ஃபாரத்தில் பொய் எழுதியது வெளியே வரும். பொய் எழுதுகிறவள் கையில் நோட்டைக் கொடுத்து வைத்திருக்கிறோமே என்று அவர் நினைப்பார். மகளிடம் சொல்லலாம். சொன்னால் அவள் தன் கண்ணையும் காட்ட வேண்டும் என்பாள். அந்தக் கண்ணிலும் மஞ்சள் வந்துவிட்டால்? ஒரு படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதை நம்பலாம். நம்பிக்கொண்டு போய்ப் படுத்தால் மூடிய கண்ணுக்குள்ளும் மஞ்சள்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எதை மறந்தாலும் பகீரென்றது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். யார்தான் மறக்கவில்லை? எதிர்வீட்டுக்காரி வாரம் ஒரு தடவை பாலைப் பொங்க விடுகிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுக்கு சவுரியம்மாள் அம்மா இல்லையே. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். இன்றைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, மாங்காய் சாவி குடை என்கிற மூன்று வார்த்தையை ஐந்து நிமிஷம் கழித்துச் சொல். எல்லாம் டாண் டாண் என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? எண்பது பேரிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டதே. ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் அந்தப் பரீட்சை செல்லும், அவள் ஒருத்திக்குத்தான் செல்லாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனாள். எப்போதும் போவதுதான், அம்மாவைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட்டு வருவாள். சவுரியம்மாள் கிரில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களிடம், "பஸ் வந்திச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வளன் பூட்டைத் திறந்து அக்காவை உள்ளே விட்டு, மறுபடியும் பூட்டினான்.

"ரெண்டு தபா ரயில்வே கேட் வரிக்கும் போயிட்சிக்கா. பூட்டாம இருந்தா பேஜாராயிடுது" என்றான், யாரோ குற்றம் சொன்னதுபோல.

"நான் ஒண்ணும் சொல்லலியேடா."

குளிப்பாட்டி, புடவை சுற்றி, கட்டிலில் உட்கார வைத்துச் சிக்கெடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, நான் எந்த வருசம் பொறந்தேன்? ஞாபகம் இருக்குதா?"

சவுரியம்மாள் திரும்பி அவள் முகத்தை மரியாதையோடு பார்த்தாள். "நீங்க யாரு பெத்த புள்ளியோ, எனக்கெப்பிடிம்மா தெரியும்?"

இது புதுசில்லை. இரண்டு வருஷமாக இப்படித்தான். ரோஸ்லின் மறுபடியும் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கும் ஒரு பொண்ணு கீதும்மா" என்றாள் சவுரியம்மாள். "பள்ளிக்கோடம் போயிருக்குது. வர்ற நேரந்தான்."

ரோஸ்லின் சீப்பைக் கீழே வைத்தாள். "அப்பிடியா? அதுக்கு எத்தினி வயசுங்க?"

"அஞ்சு."

"நெசமாவா? பாத்தா பெருசா தெரியுதே. எத்தினின்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

சவுரியம்மாள் கதவுப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாசமாகக் காணாத சிரிப்பு. பிறகு ரோஸ்லின் காதருகே குனிந்து, "சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா வாத்தியாரு பேர அடிச்சிடுவாரு. அப்புறம் எம் பொண்ணும் என்னாட்டம் மல்லாட்டக் கொல்லையிலதான் குந்திக்கினு களை வெட்டணும்."

"அடிக்க மாட்டாரும்மா. அவரு செத்தே போயிட்டாரு. சொல்லும்மா."

"அஞ்சு" என்றாள் சவுரியம்மாள் உறுதியாக. அதற்குமேல் எவ்வளவு கெஞ்சியும் அவள் வாயிலிருந்து வேறொன்றும் பெயரவில்லை. புருஷன் பெயர், பிள்ளை முகம், சாப்பிட்டோமா இல்லையா என்பது எல்லாம் போய்விட்டது. மகளுக்காகச் சொன்ன அந்த ஒரு பொய் மட்டும் போகாமல் இருந்தது. ரோஸ்லினுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. ஒன்றும் செய்யாமல் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

பிறந்த வருஷம் வேண்டும் என்று மட்டும் சொன்னதும், வாசலில் வளன்தான் வழி சொன்னான். "இதுக்குப் போயி ஏங்க்கா அம்மாவப் போட்டு நோண்டற? நம்ம பங்குக் கோயில்ல ஞானஸ்நானப் புத்தகம் இருக்குதில்ல? பொறந்த தேதி போட்டுத்தான் எழுதுவாங்க. வாத்தியாரு பொய் எழுதலாம், சாமியாரு எழுதுவாரா?"

அது இவளுக்கு ஏன் தோன்றவில்லை என்பதே ஒரு பயமாகிவிட்டது. ஆனால் உடனே போய்விடவில்லை. பிறந்த ஊருக்கு மயிலம் தாண்டி உள்ளே போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து ஒரு நாள் வேலை. காணையில் கண் சிகிச்சை முகாம் வந்தது. மெஷின் ரிப்பேருக்கு ஆள் வந்தான். உண்மையான காரணம் அதுவல்ல என்பது அவளுக்கே தெரியும். புத்தகத்தில் அறுபத்தொன்பது என்று இருந்துவிட்டால்? தெரியாமல் இருக்கும்வரை பாதிப் பயம்தான். போகலாம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் மாசம் முடியப் போனது. "முப்பத்தேழு என்னாச்சு?" என்று டாக்டர் இரண்டாம் தடவை கேட்ட மறுநாள், வியாழக்கிழமை, லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முந்தின நாள் பெய்த மழையில் விக்கிரவாண்டி தாண்டி இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. மாங்காய், சாவி, குடை என்று சொல்லிக்கொண்டாள். நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு. பக்கத்தில் இருந்த அம்மாள் இவள் செபமாலை சொல்கிறாள் என்று நினைத்துக் காலை ஒடுக்கி இடம்விட்டாள். கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே வந்தாள். அறுபத்தேழு என்றாலும் சரிதான். கிழவி என்று எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பங்குச்சாமியார் கிளைக்கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார். உபதேசியார் சூசைமுத்து மட்டும் ஆபீஸ் அறையில் மெழுகுவத்திப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். கோயில் காரியங்களைச் சாமியாருக்கு அடுத்து அவர்தான் பார்க்கிறார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும், கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல் கட்டியிருந்தது.

"தோத்திரங்க" என்றாள்.

"தோத்திரம். வாம்மா ரோஸ்லினு, உக்காரு. அம்மா எப்பிடி கீறாங்க?"

ஊரை விட்டுப் போய் இருபத்தைந்து வருஷம் ஆனவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் அவளுக்குச் சந்தோஷம். ஜாடை அப்படியே அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். "இருக்காங்கய்யா, அப்பிடியேதான். ஞானஸ்நானப் புத்தகத்துல எம்பேரு ஒண்ணு பாக்கணும். வருசம் சரியாத் தெரியல..."

அவள் முடிப்பதற்குள் அவர் எழுந்து அலமாரியைத் திறந்துவிட்டார். தடித்தடியாக வரிசையில் இருந்த புத்தகங்களில் ஒன்றை உருவி, மேஜையில் வைத்து, நாலு தாள் புரட்டினார். பழகின கை என்று நினைத்துக்கொண்டாள். மங்கிப்போன நீல மசியில் அவர் விரல் ஊர்ந்து நின்றது.

"தோ. ரோஸ்லின் மேரி. தகப்பன் அந்தோணி, தாய் சவுரியம்மாள். மாதா திருநாளன்னிக்கு ஞானஸ்நானம். பொறந்தது ஒம்பது, எட்டு, அறுவத்தெட்டு."

"இன்னொரு தபா படிங்கய்யா."

"ஒம்பது, எட்டு, ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுவத்தெட்டு."

அவள் எழுந்து போய்த் தானே பார்த்தாள். ஆறு. எட்டு. சந்தேகமே இல்லாமல் எட்டு, இரண்டு சுழியும் கொழுகொழுவென்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்தது. நாற்பத்தேழு வயசு எனக்கு, நாற்பத்தேழு என்று உபதேசியாரிடம் சொன்னாள். இரண்டு கண்ணும் பச்சை. அவள் கண்ணில் ஒன்றுமில்லை, பவுலின் கண்ணிலும் ஒன்றும் இருக்காது. அம்மாவோடது அம்மாவோடு போகட்டும். நாளைக்குக் காலையில் டாக்டரிடம் போய், முப்பத்தேழாம் நம்பருக்கு வயசு சரிபார்த்துவிட்டேன் என்று சொல்லலாம். மாசம் முழுக்க நெஞ்சைப் பிடித்திருந்தது விட்டுப்போய், இவ்வளவு காற்றா இருந்தது இந்த ஊரில் என்று மூச்சுவிட்டாள்.

"இதுக்கு ஒரு காப்பி எழுதிக் குடுங்கய்யா. டாக்டரம்மா கிட்ட காட்டணும்."

சூசைமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு எழுதிக் குடுத்தது என்னாச்சும்மா? தொலைஞ்சி போயிட்சா?"

"என்னிக்குங்க?"

"போன சனிக்கெழமைக்கு முந்தின சனிக்கெழம. காலங்காத்தால வந்தியே. சாமியாரு கூட காபி குடுக்கச் சொன்னாரே."

"நானா? இல்லீங்களே. வேற யாராவது இருக்கும். நான் இன்னிக்கித்தானே வர்றேன்."

அவர் மறுத்துப் பேசவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்துத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். யாருக்கு, எப்போது, என்ன சான்றிதழ் நகல் கொடுத்தது, எதற்காக, வாங்கியவர் கையெழுத்து. கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது. தேதி அக்டோபர் பதினேழு. எதற்காக என்ற இடத்தில், 'கண் பரிசோதனைக்கு' என்று எழுதியிருந்தது. எழுத்தும் அவளுடையது, அதற்கு எதிரே இருந்த கையெழுத்தும் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்தும் அவள் விடாத, கையெழுத்தின் கடைசியில் இழுக்கிற சுழிகூட அப்படியே இருந்தது.

அந்தச் சனிக்கிழமையை அவள் தேடினாள். வெள்ளிக்கிழமை தெரிந்தது, காணையில் முகாம், தலைவலி, வரும் வழியில் பூண்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது, பூசை, பிறகு திண்டிவனம். நடுவில் பஸ் இல்லை, மயிலம் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, காபி இல்லை. கையில் வாங்கிய காகிதத்தை எங்கே வைத்தாள் என்பது இல்லை. மாங்காய், சாவி, குடை மட்டும் கேட்காமலே வந்து நின்றன.

"அன்னிக்கும் இப்பிடித்தாம்மா" என்றார் சூசைமுத்து. ஏதோ நல்ல விஷயத்தை ஞாபகப்படுத்துகிறவர்போல முகம் மலர்ந்திருந்தது. "அறுவத்தெட்டுன்னு படிச்சவொடனே சிரிச்ச, அழுத. இன்னொரு தபா படிங்கய்யான்ன. எனக்கு நாப்பத்தேழு வயசுன்னு சொல்லி எங் கையப் புடிச்சிக்கின. இவ்ளோ சந்தோசப்பட்டுக்கினு போற புள்ளிய நான் பாத்ததில்லன்னு சாமியாரு சொன்னாரு."

திறந்து கிடந்த ஞானஸ்நானப் புத்தகத்தில் அறுபத்தெட்டு அப்படியே இருந்தது. அதில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் அதைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது?

"ஆமாங்கய்யா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "தொலைஞ்சி போயிட்சி."

"அட, இதுக்குப் போயி மொகத்த ஏன் இப்பிடி வச்சிக்கினுகீற? எனக்குந்தான் மறந்து மறந்து பூடுது. இன்னொண்ணு எழுதித் தர்றேன், பத்து நிமிசம்." அவர் நோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி, பேனாவைத் திறந்து கொடுத்தார். "இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போடு. எதுக்குன்னு கேக்கற எடத்துல, மேல என்ன எழுதியிருக்கியோ அதையே பாத்து எழுதிடும்மா."

அவள் மேலே இருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.